மழை பொய்த்தும் அடுப்பு அணையவில்லை

 

வழக்கமாக விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிறவன் நான். இன்றைக்கு அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மழைக் கணக்கைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குப் பெய்கிற வடகிழக்குப் பருவமழை, தமிழ்நாட்டுச் சராசரியில் சுமார் 440 மில்லிமீட்டர். 2016-ஆம் வருஷம் பெய்தது சுமார் 168 மில்லிமீட்டர்தான். நூற்றுக்கு 62 பங்கு குறைவு. பழைய மழைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால், இந்த அளவுக்கு மழை பொய்த்த இன்னொரு வருஷத்தைக் காண 140 வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அது எந்த வருஷம் தெரியுமா? 1876. உங்கள் பாட்டன் பூட்டன் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, தாது வருஷப் பஞ்சம் என்று, அதேதான்.

இரண்டு வருஷத்திலும் வானம் ஒரே மாதிரிதான் கைவிட்டது. ஆனால் 1876-இல் தொடங்கி 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணம் எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். 2016-இல் பயிர் கருகியது. கடன் ஏறியது. மனம் உடைந்து உயிரை விட்ட விவசாயிகளும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது பாவம். ஆனாலும் கஞ்சிக்கு வழியில்லாமல் ஊரையே காலி செய்துகொண்டு ஜனங்கள் ரோட்டோரம் விழுந்து சாகவில்லை. வீட்டில் உலை கொதித்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சோறு தின்றார்கள்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். இந்தக் கதையில் விவசாயிக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. அதனால் நீங்கள் அவசியம் கேட்க வேண்டும்.

தானியம் இருந்தும் பட்டினி

தாது வருஷத்தில் மழை இல்லை, விளைச்சல் இல்லை, அதனால் ஜனங்கள் செத்தார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். அப்போது சென்னைக் கடற்கரையில் கப்பலில் வந்து இறங்கிய தானியம் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. ரயில் பாதையும் போட்டாகிவிட்டது. அந்தப் பஞ்ச காலத்திலேயே இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டும் இருந்தது.

அப்புறம் ஏன் செத்தார்கள்? வாங்கக் காசில்லை. மழை இல்லையென்றால் உழவு இல்லை, நடவு இல்லை, அறுப்பு இல்லை. கூலிக்காரன் கைக்கு ஒன்றும் வராது. நெசவாளியிடம் துணி வாங்க ஆளில்லை. அதே சமயத்தில் தானிய விலை தாறுமாறாக ஏறுகிறது. வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கக் கூடாது, விலை தானாகச் சரியாகும் என்பது அன்றைய வெள்ளைக்கார ராஜாங்கத்தின் கொள்கை. விலை சரியாவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான். சேலம் ஜில்லாவில் மட்டும், 1871 ஜனத்தொகைக் கணக்குக்கும் 1881 கணக்குக்கும் நடுவில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஜனங்கள் குறைந்து போனார்கள்.

பட்டினியின் இந்த ரகசியத்தை நம் நாட்டுப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய ஒரு நூலில் உலகத்துக்கே விளக்கினார். பஞ்சம் என்பது ஊரில் தானியம் இல்லாமல் போவது மட்டும் அல்ல, தானியத்தை வாங்கும் சக்தி ஜனங்களுக்கு இல்லாமல் போவது என்றார். பிற்பாடு, 1998-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் கிராமத்துக் கூலிக்காரனைக் கேட்டால் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவான்: “கடையில இருக்கு சாமி, கையில இல்லையே!”

பத்து மைல் சோதனை

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பஞ்ச நிவாரண வேலைகள் நடந்தன. சென்னைக்குப் பக்கத்தில் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, அந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக வந்த ஜனங்கள் மண் சுமந்து வெட்டியதுதான்.

ஆனால் அந்த நிவாரணம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். 1877 ஆரம்பத்தில், செலவைக் குறைப்பதற்காக, சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற உயர் அதிகாரியை இந்திய சர்க்கார் இங்கே அனுப்பியது. நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்ற வெள்ளைக்காரரே இதை எதிர்த்து எழுதினார். இதைத் தின்றுவிட்டு மனுஷன் உழைக்க முடியாது என்றார். சில மாதம் கழித்துத்தான் கூலி கொஞ்சம் கூடியது.

இதற்கு மேலே இன்னொரு சோதனையும் வைத்தார்கள். உடம்பில் தெம்பு உள்ளவனுக்குச் சொந்த ஊரில் வேலை கிடையாது, பத்து மைலுக்கு அப்பால் போனால்தான் வேலை. ஏன் அப்படி? நிஜமாகவே பசித்தவன் என்றால் நடந்து வருவான், பசிக்காதவன் வரமாட்டான் என்று கணக்குப் போட்டார்கள். பசியை நிரூபித்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் சோறு! பத்து மைல் நடக்கச் சக்தியில்லாதவன் என்ன ஆவான்? வழியிலேயே விழுவான். விழுந்தார்கள்.

இந்தப் பத்து மைலை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன்.

பஞ்சம் முடிந்தபின் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1880-இல் அது அறிக்கை கொடுத்தது. அதன்பேரில் பஞ்ச நிவாரணச் சட்டதிட்டங்கள் வகுக்கப்பட்டன. மாகாணம் தோறும் விவசாய இலாகா வேண்டும் என்றும் அந்தக் கமிஷன் சொன்னது. ஆகவே, உங்கள் வரப்பில் வந்து நின்று “தழைச்சத்தைக் குறைங்க, மணிச்சத்தைச் சேருங்க” என்று சொல்லும் எங்கள் உத்தியோகமே அந்தப் பஞ்சத்தில் முளைத்ததுதான்.

திறந்து திறந்து மூடிய கடை

அடுத்த பெரிய அடி இரண்டாவது உலக யுத்தத்தில் வந்தது. அந்தக் காலத்தில் நம் பக்கத்து நகரங்கள் பர்மா அரிசியை நம்பி இருந்தன. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். அந்தப் பயத்தில், அதே 1943-இல், சென்னைப் பட்டணத்தில் அரிசிக்கு ரேஷன் வந்தது. ஆளுக்கு இவ்வளவு, கார்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். கிராமத்து விவசாயியிடம் நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்ததும் அந்தக் காலத்தில்தான். பெரியவர்கள் அதைக் கசப்போடு சொல்லுவார்கள். குதிரில் இருந்த நெல்லை அதிகாரி வந்து அளந்துகொண்டு போனான் என்பார்கள்.

யுத்தம் முடிந்தும் இந்தக் கட்டுப்பாடு நீடித்தது. 1952-இல் முதலமைச்சரான ராஜாஜி துணிந்து அதை எடுத்தார். பின்னாலேயே மழையும் நன்றாகப் பெய்தது. விலை தணிந்தது. ரேஷன் இனி வேண்டியதில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் 1965-இலும் 1966-இலும் நாடு முழுக்க வறட்சி. 1966-இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பாலும் அமெரிக்கக் கோதுமை. கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நாடு நின்றது. அரிசிச் சோறு தின்று பழகிய நம் ஜனங்கள் அரிசிக்கு அலைந்தார்கள். 1967 தேர்தலில் அரிசிதான் பெரிய பேச்சு. முதலமைச்சராக வந்த அண்ணா, சென்னையிலும் கோயமுத்தூரிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்க ஆரம்பித்தார். மாநிலம் முழுக்க அதை விரிக்கப் பணம் பற்றவில்லை.

இதில் ஒரு விஷயம் தெரிகிறது பாருங்கள். யுத்தம் வந்தால் கடை திறக்கும், மழை பெய்தால் மூடும். திறந்தாலும் பட்டணத்தில்தான் திறக்கும். கிராமத்தானுக்கு என்ன, அவன்தான் விளைவிக்கிறானே என்ற நினைப்பு.

நெல் விளைந்த ஊரில்

அவன் விளைவித்தான், வாஸ்தவம்தான். தஞ்சாவூர் ஜில்லாவில் 1960-61-இல் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. பேக்கேஜ் திட்டம் என்று சொல்லுவார்கள். விதை, உரம், கடன், யோசனை நாலும் ஒன்றாக வரும். பிறகு ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுதுறை 27 வந்தது. 105 நாளில் அறுப்புக்கு வரும் குறுவை நெல். அதற்குப் பின்னால் ஐ.ஆர். 8. களம் நிறைந்தது.

ஆனால் அறுத்தவன் வயிறு நிறைந்ததா? 1968 டிசம்பர் 25-ந் தேதி ராத்திரி, அன்றைய கீழத் தஞ்சையில், கீழ்வெண்மணி என்ற கிராமத்தில், கூலி நெல் கூட்டிக் கேட்ட தகராறு முற்றி, ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து போயின. பெண்களும் குழந்தைகளுமே அதிகம். நாட்டின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய ஜில்லாவில், ஆள் ஆளுக்குக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதற்கு அந்தக் கதி. அடுத்த வருஷம், 1969-இல், விவசாயத் தொழிலாளருக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

விளைச்சலைப் பெருக்கும் வேலையில் இருக்கிறவன் நான். அதனாலேயே இதைச் சொல்லுகிறேன். மகசூல் கூடினால் பசி தானாகத் தீரும் என்று நினைக்கக் கூடாது. களத்திலிருந்து ஏழை வீட்டு அடுப்பு வரைக்கும் ஒரு வழி போட வேண்டும். அந்த வழியைப் போட்ட கதைதான் அடுத்தது.

கடை நிலைத்தது

1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஆரம்பமானது. ஒரு கையால் விவசாயியிடம் நெல் வாங்குவது, இன்னொரு கையால் அரிசியை ரேஷன் கடைக்கு அனுப்புவது அதன் வேலை. நீங்கள் நெல் போடுகிற நேரடிக் கொள்முதல் நிலையம் இதனுடையதுதான். கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. வரவரக் கடை கிராமத்துக்குள் வந்தது. இன்றைக்கு 30,000-க்கு மேற்பட்ட கடைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

1997-இல் ஒரு முக்கியமான திருப்பம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களைப் பிரித்து அவர்களுக்குக் குறைந்த விலை, மற்றவர்களுக்கு வேறு விலை என்று மத்திய சர்க்கார் ஏற்பாடு செய்தது. பல மாநிலங்கள் அப்படியே செய்தன. தமிழ்நாடு அப்படிப் பிரிக்கவில்லை. அரிசி கார்டு வைத்திருக்கிறவர் எல்லோருக்கும் ஒரே விலை என்று நின்றது.

இது வீண் செலவு, பணக்காரனுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கிராமத்தில் யார் ஏழை என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். போன வருஷம் இரண்டு மாடு வைத்திருந்தவன் இந்த வருஷம் வைத்தியச் செலவுக்கு விற்றிருப்பான். பட்டியலில் அவன் இருக்கமாட்டான். புருஷன் செத்துப் போன பெண்ணின் பேர் விட்டுப் போயிருக்கும். தலைவருக்கு வேண்டியவன் பேர் இருக்கும். ஒரு பணக்காரன் இருபது கிலோ வாங்கிப் போவது நஷ்டம்தான். ஒரு ஏழை பேர் விட்டுப் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். பணக்காரன் பெரும்பாலும் வாங்குவதும் இல்லை. ரேஷன் அரிசிக்கு அவன் வீட்டில் மதிப்பில்லை.

பத்து மைல் சோதனையை மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இப்போது விளங்கும். 1877-இல் பசித்தவன் தன் பசியை நிரூபிக்கத் தூரம் நடந்தான். இப்போது கடை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, கார்டைக் காட்டினால் போதும். நிரூபிக்கத் தேவையில்லை. அந்த 140 வருஷத்தில் வந்த மாற்றம் இதுதான்.

அரிசி விலை 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய் என்று இறங்கி, 2011 ஜூன் மாதம் முதல் விலையில்லா அரிசி ஆனது. 2007 முதல் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் வந்தன. நாடு முழுமைக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. தமிழ்நாட்டில் அது அமலுக்கு வந்தது 2016 நவம்பர் 1-ந் தேதி. அப்போதும் மற்றக் கார்டுகளுக்கு மாநிலம் தன் செலவில் அரிசி கொடுப்பதை நிறுத்தவில்லை.

தேதியைக் கவனித்தீர்களா? 2016 நவம்பர். வானம் நம்மைக் கைவிட்ட அதே ஐப்பசி. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாவும் வறட்சி ஜில்லா என்று அறிவிக்கப்பட்டது. நம் களத்தில் நெல் இல்லை, கொள்முதலும் சரிந்தது. ஆனாலும் கடையில் அரிசி இருந்தது. நம்மிடம் இல்லாத வருஷத்தில் மழை பெய்த மற்ற மாநிலத்து விவசாயியின் நெல், மத்தியத் தொகுப்பிலிருந்து ரயிலேறி நமக்கு வந்தது. தாது வருஷத்திலும் ரயில் இருந்தது. அன்றைக்குத் தானியம் விலையைத் தேடிப் போனது. இன்றைக்குக் கார்டைத் தேடி வருகிறது.

பள்ளிக்கூடத்துச் சோறு

பிள்ளைகள் கதையையும் சொல்லாவிட்டால் முழுமை ஆகாது. முதலமைச்சர் காமராஜர் காலத்தில், 1956-இல், பள்ளிக்கூடத்தில் மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவ ஆரம்பித்தது. ஊர் ஜனங்களும் அரிசி, பருப்பு, விறகு என்று கொடுத்து உதவினார்கள். 1982 ஜூலை 1-ந் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தார். முதலில் கிராமத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு. அதே வருஷம் நகரங்களுக்கும். 1984-இல் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும். கஜானா தாங்காது என்று அப்போது பெரிய படிப்பாளிகள் எல்லாம் சொன்னார்கள். தாங்கியது. 2001-இல் உச்சநீதிமன்றம், எல்லா மாநிலங்களிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த சோறு போட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது.

நான் அந்தச் சத்துணவுத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் சனி, ஞாயிறு வந்தால் முகம் வாடிவிடுவான். லீவு விட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம், அவனுக்கு மட்டும் ஏன் இப்படி என்று எனக்கு அப்போது புரியவில்லை. உத்தியோகத்துக்கு வந்து நாலு கிராமம் சுற்றிய பிறகுதான் புரிந்தது.

“ரேஷன் அரிசியை நிறுத்தச் சொல்லுங்க!”

இப்போது உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். ஒரு ஊரில் வயல்விழா நடத்தினோம். கேள்வி கேட்கும் நேரத்தில் ஒரு விவசாயி எழுந்து, “சார், மத்ததெல்லாம் இருக்கட்டும். இந்த ரேஷன் அரிசியை நிறுத்தச் சொல்லுங்க. ஓசியில அரிசி கெடச்சா எவன் நடவுக்கு வருவான்? ஆளே கெடைக்கலை!” என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். நான் பதில் யோசிப்பதற்குள், வரப்பில் உட்கார்ந்திருந்த வயசான அம்மா ஒருத்தி சொன்னாள்: “வயித்துக்கு இல்லாம கெடந்த காலத்துல ஆள் நெறைய கெடச்சுதுப்பா. என் ஆத்தா நடவு நட்ட கையோட மயங்கி விழுவா. அந்த மாதிரி ஆளா ஒனக்கு வேணும்?”

அந்த விவசாயி கெட்டவர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, “அப்படி நெனச்சுச் சொல்லலை ஆத்தா” என்றார்.

அவருடைய கஷ்டமும் நிஜம்தான். நடவுக் கூலி, அறுப்புக் கூலி ஏறிவிட்டது. நெல் விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆனால் அதற்கு மருந்து கூலிக்காரன் வீட்டு அடுப்பை அணைப்பது அல்ல. நெல்லுக்குக் கட்டுபடியான விலை, இயந்திர நடவு, நேரத்தில் கொள்முதல், இவைதான் மருந்து. ஆள் குறைந்ததற்கும் ரேஷன் அரிசி மட்டும் காரணம் இல்லை. பிள்ளைகள் படித்தார்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள். உங்கள் பிள்ளையும் போயிருக்கும்.

இன்னொன்றும் யோசியுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் யார்? தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஐந்து ஏக்கராவுக்குக் குறைவானவர்கள். மானாவாரியில் கடலையும் சோளமும் போடுகிறவன் அரிசிக்குக் கடைக்குத்தான் வர வேண்டும். நெல் போடுகிறவனும் அறுவடைக் கடனுக்கு விற்றுவிட்டு, ஆடியில் அரிசி வாங்குகிறான். விற்கிறவனும் நாம்தான், வாங்குகிறவனும் நாம்தான். ரேஷன் கடை வேண்டாம் என்றால், அதற்காக நெல் வாங்கும் கொள்முதல் நிலையமும் வேண்டாம் என்று ஆகும். அப்புறம் வியாபாரி சொன்னது விலை.

தீராத பாக்கி

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மூன்று பாக்கி இருக்கிறது.

முதல் பாக்கி, கொள்முதல். மழையில் நனையும் நெல் மூட்டையோடு ரோட்டோரம் ராத்திரி காவல் கிடந்த விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன். சாக்கு இல்லை, இடம் இல்லை, நாளைக்கு வா என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். பசி தீர்க்கிற நெல்லை விளைவித்தவன் அப்படிக் கிடப்பது நியாயம் இல்லை.

இரண்டாவது, கடன். 2016 வறட்சியில் சோறு இருந்தது, ஆனால் கடனைத் தாங்க ஒரு கை இல்லை. பயிர்க் காப்பீட்டை ஒவ்வொருவரும் காலத்தில் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, சத்து. அரிசி வயிற்றை நிரப்பும், ரத்தத்தை ஊற வைக்காது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு வயசுக்கேற்ற உயரம் இல்லை. கம்பும் கேழ்வரகும் நம் தட்டிலிருந்து விலகியதும் இதில் ஒரு காரணம். 2023-இல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது நல்ல ஆரம்பம்.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக, விரிவாக்க உத்தியோகஸ்தன் என்ற முறையில் சில யோசனைகள்.

நெல்லைக் களத்தில் நன்றாகக் காயவைத்து, தூற்றி, பதர் நீக்கிக் கொண்டு போங்கள். 17 சதவீத ஈரப்பதம் என்பதுதான் வழக்கமான அளவு. பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். எடை போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

ரேஷன் கடையிலும் அதே மாதிரி எடையைப் பாருங்கள். பில் வாங்குங்கள். உங்கள் கார்டுக்கு வந்த அரிசியை வாசலில் வரும் ஆளுக்கு விற்காதீர்கள். அது கடத்தலுக்குத்தான் போகிறது. உங்கள் கடையின் பேரும் கெடுகிறது. கடை ஒழுங்காகத் திறக்கவில்லையென்றால் கிராம சபையில் எழுந்து பேசுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாட்களில் கூட்டம் நடக்கும். வெட்கப்பட வேண்டாம், அது தானம் அல்ல, உங்கள் பாத்தியதை.

டெல்டா விவசாயிகள் சம்பா, தாளடி அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னாலேயே, மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஆடுதுறை 3 உளுந்தைத் தெளித்துவிடுங்கள். தண்ணீர்ச் செலவு இல்லை. மண்ணுக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி வையுங்கள். மானாவாரிக்காரர்கள் வீட்டுச் செலவுக்காவது கால் காணி கேழ்வரகோ கம்போ போடுங்கள்.

தாது வருஷம் மறுபடி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வானம் 2016-இல் ஒரு தடவை காட்டிவிட்டுப் போனது. இன்னொரு தடவையும் காட்டும். அன்றைக்கும் கடையில் அரிசி இருக்க வேண்டுமானால், இன்றைக்குக் கொள்முதல் நிலையமும் ரேஷன் கடையும் ஒழுங்காக நடக்க வேண்டும். இரண்டையும் ஊர் ஜனங்கள் கண் வைத்துக் காக்க வேண்டும்.

அந்த வயல்விழா முடிந்து நான் கிளம்பும்போது, அந்த விவசாயி வரப்பிலிருந்த அம்மாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். “நாளைக்கு களை எடுக்க வர்றியா ஆத்தா?” என்று கேட்டார். “வர்றேன், கூலியைச் சரியாக் குடு” என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.